நாலு நிமிஷம் பெரியவள்

அன்புள்ள அம்மாவுக்கு,

நர்சிசா வணங்கி எழுதுவது. குவென்கா குளிரில் உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நியூயார்க்கில் நானும் இரட்டையர்களும் நலம்.

பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலேயே, சாப்பாட்டுக் கூடத்தில் எனக்கு வேலை கிடைத்ததை எழுதியிருந்தேனே. மாணவர்களை வகுப்பு வாரியாக உட்கார வைப்பது என் பொறுப்பு. தேர்வு வைத்துப் பொறுக்கிய கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு, தனி மேசை. டொமெனிக்கா அதில் இருக்கிறாள். டமாரிஸ் சாதாரண வகுப்பு.

நேற்று ஒரு வேடிக்கை. டமாரிஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு டொமெனிக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"இது எங்க மேசை. நீ அங்க போ" என்றாள் ஒரு சிறுமி.

"இவ எங்க அக்காடி! நாலு நிமிஷம் பெரியவ!"

மேற்பார்வை அம்மாள் என்னையே பார்த்தார். "எழுந்திரு கண்ணு, உன் மேசைக்குப் போ" என்று நான்தான் சொன்னேன். டொமெனிக்கா தலை நிமிரவே இல்லை.

அந்த வகுப்பில் இடம் கேட்டு இங்கே பெற்றோர் தவம் கிடக்கிறார்கள். அவளை எப்படி வெளியே எடுப்பேன்? இந்த வேலையையும் விட முடியாது. நீங்கள் கவலைப்படாதீர்கள். வறுத்த பார்லி மாவு கொஞ்சம் அனுப்புங்கள், இங்கே கிடைப்பதில் அந்த வாசனை இல்லை.

இன்று இரவு வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். டமாரிஸ் தட்டோடு நின்றுகொண்டே என்னைக் கேட்டாள்: "அம்மா, நான் இங்க உக்காரலாமா?"

பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் பின்னினால் இரண்டையும் ஒரே நிறத்தில் பின்னுங்கள். விடிந்தால் வேலை, நிறுத்துகிறேன்.

உங்கள் மகள்,
நர்சிசா