பியானோ மேல் ஏறிய விதம்

மார்ச் 3

அன்புள்ள வாலுக்கு,

நான் அன்றைக்கே சொன்னேன். நீ தவழும்போதே, "இவ காலாலதான் பேர் வாங்குவா பாரு" என்றேன். உன் அம்மா, "ஊர் சுத்துவான்னு சொல்றியா?" என்று கரண்டியைத் தூக்கினாள். இப்போது பெரிய மேடையில் உனக்குத் தனி ஆட்டமாம்! அக்கா போனில் அழுதாள். நான் அழவில்லை. எனக்குத்தான் முன்பே தெரியுமே.

பதினெட்டு வருஷம் தியேட்டரில் டார்ச் அடித்து சீட்டு காட்டியவன் நான். ஹாலிவுட் ஆட்டப் படம் வந்தால் ஜனம் முகத்தைப் பார்க்கும், நான் பாதத்தைப் பார்ப்பேன். தலை முதல் கால் வரை தெரிய, வெட்டாமல், ஒரே மூச்சில் ஆடுவார்கள். முதுகு நனைந்திருக்கும். முகமோ, கடைக்குப் போய் வந்தது போல இருக்கும். அதுதான் வித்தை.

அந்தப் படத்து ஒல்லி நாயகர் பியானோ மேல் ஏறும் ஆட்ட அடியைத்தானே ஆடப்போகிறாய்? அதைச் சொல்லிக் கொடுத்தது யார் என்று பீற்றிக்கொள்வது என் வழக்கமில்லை. எதிர்வீட்டுத் தையல்காரர், இஸ்திரிக் கடை, பேங்க் மேனேஜர், இவர்களிடம் மட்டும் சொன்னேன்.

உன் மாமா

மார்ச் 9

அன்புள்ள மாமா,

பயிற்சியில் வந்த முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் ஒரு சிக்கல்.

நம் தியேட்டரில் ஓடியது அங்கங்கே அறுந்து ஒட்டிய படப் பிரதி. நாயகர் தரையில் நிற்பார், மறுகணம் பியானோ மேல் இருப்பார். பிரதி புதுசாக இருந்தபோது நடுவில் வந்ததைப் பார்த்ததாகச் சொல்லி, நீங்கள் ஆடிக் காட்டினீர்கள். நேற்று டான்ஸ் டீச்சர் முழுப் படத்தையும் போட்டார். நாயகர் நாற்காலி போட்டு ஏறுகிறார், மாமா! வகுப்பே சிரித்தது. "அப்ப இந்த அடி யாரோடது? யார்கிட்ட சுட்டே?" என்றார் டீச்சர்.

நிகழ்ச்சித் தாளில் நாயகர் பெயர் போட்டால் பொய், என் பெயர் போட்டால் திருட்டு. வெள்ளிக்கிழமைக்குள் சொல்லாவிட்டால் என் ஆட்டத்தையே எடுத்துவிடுவார்கள். கதை வேண்டாம், மாமா. உண்மை மட்டும்.

வாலு

மார்ச் 12

அன்பு வாலு,

நாற்காலியா! அவ்வளவு பெரிய மனுஷர், பரணில் பானை எடுக்கிற மாதிரியா ஏறினார்?

உனக்கு அப்போது ஆறு வயசு. "நடுவுல என்ன ஆச்சு மாமா?" என்று சீட்டை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்றாய். நாளைக்குச் சொல்கிறேன் என்று தப்பித்தேன். நீ தினம் கேட்டாய். காட்சி முடிந்த தியேட்டரில் சோடாப் பெட்டிகளை அடுக்கி நாலு நாள் விழுந்தேன். மூன்று தட்டு, அரைச் சுற்று, இடது குதிகாலை விளிம்பில் மாட்டி ஓர் எழும்பல். ஐந்தாம் நாள் ஏறிவிட்டேன். என் முன்பல் போனது அதில்தான். ஐந்து ரவுடிகள் வந்தார்கள் என்று உன் அம்மாவிடம் சொன்னது வேறு கதை.

டார்ச் அடிக்கிறவன் அடி என்றால் யார் மதிப்பார்கள்? நீகூட மறந்திருப்பாய். அதனால் அவர் தலையில் கட்டினேன்.

டீச்சரிடம் சொல். புதுப் பிரதியை நான் பார்த்ததே இல்லை. அந்த அடி என்னுடையது.

தாளில் என் பெயர் சின்ன எழுத்தில் போதும். ஆனால் மறக்காமல் எனக்கு ஒன்று அனுப்பு. தையல்காரரிடம் இந்த உண்மையைச் சொன்னேன். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, "புளுகாதேய்யா" என்கிறார்.

உன் மாமா