பேய் வீட்டில் குடியிருக்கிறேன்

அன்புள்ள அம்மா,

வணங்குகிறேன். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

இங்கே கடனில் வாங்கிப்போட்ட என் வீட்டில் முன்பு குடியிருந்தவர் இறந்துவிட்டார். பேய் இருக்கிறதென்று யாரும் வாடகைக்கு வருவதில்லை. வாடகை வராவிட்டால் தவணை நிற்கும், வீடு வங்கிக்குப் போகும்.

"தம்பி, நீங்களே கொஞ்ச நாள் இருந்து காட்டுங்க. பேயும் கடன்காரனும் ஒத்துப்போவாங்க" என்று தரகர் சிரித்தார். குடிவந்துவிட்டேன்.

நேற்று வீடு பார்க்க வந்த பெண், "ஏதாவது சத்தம் கேக்குமாண்ணா?" என்றாள்.

"ஒண்ணுமே கேக்காதும்மா."

தூக்கமில்லாத என் முகத்தைப் பார்த்தவள் உள்ளறையைக்கூடப் பார்க்காமல் கிளம்பிவிட்டாள். நான் பொய் சொல்லவில்லை அம்மா. இங்கே ஒரு சத்தமும் இல்லை.

இனிப் பேசி முடித்ததும் போனை வைத்துவிடாதீர்கள். அப்படியே சமையலறையில் விட்டுவிட்டுப் பாத்திரம் கழுவுங்கள். அந்தச் சத்தம் இங்கே கேட்கட்டும்.

வேலைக்கு நேரமாகிறது, ஓடுகிறேன்.

உங்கள் மகன்