போகியில் எரித்த ஆபரேஷன் காகிதம்

என் உயிரான அக்காவுக்கு,

நாளை காலை எனக்குக் கழுத்தில் இரண்டாவது ஆபரேஷன். உனக்கு வந்த அதே தைராய்டு கட்டி, உனக்குப் போலவே மறுபடியும் வந்துவிட்டது. இரண்டு நாளாக எச்சில் விழுங்கும்போதெல்லாம் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

டாக்டர் மராத்திப் பெண், என் வயதுதான். படம் வரைந்து காட்டினார். முதல் ஆபரேஷனின் தழும்பில் எல்லாம் ஒட்டிப்போய், குரல் நரம்பு எங்கே என்றே தெரியாதாம். அதனால் பழைய வழியில் போகாமல், முன்பு கத்தி படாத பக்கவாட்டில் நுழைந்து, முதலில் நரம்பைத் தேடுவார்களாம். நரம்பைத் தொட்டால் சத்தம் கொடுக்கும் மிஷின்கூட வந்துவிட்டது. கால்சியத்தைக் காக்கும் குட்டிச் சுரப்பிகளுக்கு ரத்த ஓட்டம் போய்விட்டால், பொடியாக நறுக்கிக் கழுத்துத் தசையிலேயே பதித்துவிடுவார்களாம். உனக்கு இதில் எதையாவது செய்தார்களா, அக்கா?

பிறகு கையை நீட்டி, முதல் ஆபரேஷன் பேப்பர் எங்கே என்றார். எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்பது அதில்தான் இருக்குமாம்.

என்னுடையதைக் கொடுத்தேன். உடனே உன்னுடையது நினைவுக்கு வந்தது.

உன் முதல் ஆபரேஷன் முடிந்து வந்த போகிக்கு, போபோடியில் உன் வீட்டு வாசலில் பழைய பாயோடு உன் ஃபைலையும் போட்டுக் கொளுத்தியது நான்தான். நோய் அதோடு தொலையட்டும் என்று. உன் இரண்டாவது ஆபரேஷனுக்கு டாக்டர் அதைக் கேட்டபோது, அத்தான் பஸ்ஸில் தொலைத்துவிட்டார் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

"ஒரு பையைப் பாத்துக்கத் தெரியல! என்னையாவது பஸ்ல விடாம கூட்டிட்டு வந்தீங்களே!" என்று அவரைத் திட்டினாய். முழுக் குரலில் நீ திட்டி நான் கேட்டது அதுதான் கடைசி.

காய்கறிக்காரரிடம் மராத்தியில் சண்டை போட்டுக் கொத்தமல்லி கொசுறு வாங்கியவள், அந்த இரண்டாவது ஆபரேஷனிலிருந்து போன வருஷம் மாரடைப்பில் போகும்வரை வெறும் காற்றாகத்தான் பேசினாய். அந்தக் காய்கறிக்காரர் பாவப்பட்டுத் தானாகவே கொசுறு போட்டார். அது உனக்குப் பிடிக்கவே இல்லை.

"பேப்பர் இல்லேன்னா குரல் போயிடுமா?" என்று டாக்டரிடம் ஹிந்தியில் கேட்டேன். இருந்தும் போகலாம், இல்லாமலும் தப்பலாம் என்றார். இதை நான் எப்படி எடுத்துக்கொள்வது?

அத்தான் நாலு மணிக்கு ஹடப்சரிலிருந்து என்னைப் பார்க்க வருகிறார். இன்னமும் பஸ்ஸில் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் உட்காருகிறார்.

அவரிடம் சொல்லிவிடுகிறேன், அக்கா. நாளைக்கு அப்புறம் இல்லை. இன்றைக்கே, குரல் இருக்கும்போதே.

உன் ஒரே தங்கை