ஊதாக் கவ்வி

செவ்வாய்க் கிரகம், நாள் 212 | 07:40
பணிமனைப் பதிவு: பிலவேந்திரன். ஊர்தியின் மின்கம்பிக் கவ்விகள் நான்கும் அனோடைஸ் ஆகிவிட்டன. அமிலத் தொட்டியில் நாற்பது நிமிடம், ஊதாச் சாயம், கடைசியில் கொதிநீர். அலுமினியத்தின் மேல்தோல் கெட்டிப்பட்டுவிட்டது. இந்த ஊர் மண் இனி அதை அரிக்காது. முழுக்க ஒரே நிறம், ஒரு திட்டு இல்லை. கொஞ்சம் பீற்றிக்கொள்ளலாம், தப்பில்லை. கோசலை அவற்றை ஊர்தியில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். நிலையத்தில் நாங்கள் இரண்டே பேர். ஊர்தி ஒன்றுதான்.

நாள் 212 | 11:15
கோசலை: "அண்ணே, மேட்டுல ஏறுறப்ப வண்டி நின்னுபோச்சு. பதினோரு கிலோமீட்டர் வந்துட்டேன். பேட்டரி நெறைய இருக்கு, மோட்டாருக்குத்தான் கரண்ட் போகல."
பேட்டரி இணைப்பைப் பார்க்கச் சொன்னேன். காரணம் எனக்கு அப்போதே தெரியும்.

11:32
அனோடைஸ் செய்த தோலில் மின்சாரம் பாயாது. கம்பி உட்காரும் இடத்தில் டேப் ஒட்டி மறைத்துவிட்டுத்தான் தொட்டியில் இறக்க வேண்டும். நான் ஒட்டவில்லை. ஓசூரில் பதினான்கு வருஷம் பைக் உதிரிபாகங்களுக்கு நிறம் ஏற்றியவன். அங்கே ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்தால் மொத்த லாட்டும் திரும்பி வரும். கைப்பழக்கம் விடவில்லை. திருகு உரசிய இடத்தில் மட்டும் மின்சாரம் ஓடியிருக்கும். மேட்டில் பளு கூடியதும் அதுவும் கருகிவிட்டது.

மின்சாரம் பாய்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா எனக் கோசலை காலையில் கேட்டாள். பார்த்தேன் என்றேன். மீட்டரைக் கையில் எடுக்கவே இல்லை.

அரத்தால் பத்து நிமிடம் தேய்த்தால் வண்டி ஓடும். சொல்ல வாய் வரவில்லை.

13:50
ஃபியூஸைப் பார்க்கச் சொன்னேன். பிறகு சுவிட்சை. எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தாள்.
"நாந்தான் ரொம்ப வெரட்டிட்டேன் போல. மன்னிச்சிருங்கண்ணே."
நானெல்லாம் ஒரு மனுஷனா?

15:05
சொல்லிவிட்டேன். மீட்டர் பொய்யையும் சேர்த்து.
கோசலை:
"உடுப்புல பேட்டரி தீந்துக்கிட்டே வருது, வண்டியிலேருந்து சார்ஜும் ஏறல. கையுறைச் சூடு ஒரு மணிக்கே நின்னுபோச்சு. வெரல் மடங்கல. அரத்த எப்படிண்ணே பிடிப்பேன்? அப்பவே சொல்லியிருந்தா இந்நேரம் உள்ள வந்திருப்பேனே."

15:31
அவள் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் அரத்தை இடுக்கித் தேய்க்கிறாளாம். ஒரு கவ்வி முடிந்தது. இன்னும் மூன்று.

15:58
யார் இதைப் படித்தாலும்: கோசலை மேல் தவறில்லை. கவ்விகளின் சோதனைச் சான்றிதழில் 'அளந்தது, சரி' என்று எழுதியவன் நான். வெட்கக்கேடு என்னுடையது.
அவள் மூச்சு மட்டும் கேட்கிறது.

16:12
மூச்சு இருக்கிறது. கூப்பிட்டால் பதில் இல்லை.

16:20
இப்போது மூச்சும் கேட்கவில்லை. கோசலை, நான்தான்