அஞ்சு நிமிசமும் ஒரு கட்டைவிரலும்

செப்டம்பர் 8, திங்கள்

இன்று என் மகள் மகிமாவின் வலது கட்டைவிரலைக் கீறிச் சீழ் எடுத்தார்கள். நகச்சுற்று. நான்கு வயதுகூட நிறையாத பிள்ளையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கட்டுப் போட்டு முடித்த மறு நிமிடம், அந்தக் கட்டோடேயே விரலை வாயில் வைத்தாள்.

சூப்புவதை நிறுத்தாவிட்டால் இது திரும்பத் திரும்ப வரும், நகமே போய்விடலாம், மேல் பற்களும் முன்னால் தள்ளுகின்றன என்றார் டாக்டரம்மா. "அதட்டாதீங்க" என்றும் சொன்னார். அதட்டாமல் எப்படி நிறுத்துவது என்று சொல்லவில்லை.

அவள் அம்மா சுஜா மஸ்கட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போனது மே மாதம். விரல் வாய்க்குப் போனதும் மே மாதம். அம்மா ஏக்கம், வேறென்ன? போனில் அழுதாள். "வேலைய எழுதிக் குடுத்துட்டு வந்துருதேன்" என்கிறாள். அந்த வேலைக்காக மூன்று வருடம் பரீட்சை எழுதியவள். ஒரு மாதம் பொறு, நான் நிறுத்திக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பதினேழு வயதில் தெற்கே நாசரேத்திலிருந்து ஒரே ஒரு மாற்றுச் சட்டையோடு வந்தவன் நான். காசிமேட்டில் மீன் அடுக்கும் பெட்டி விற்கும் வியாபாரம். வேண்டாம் என்று முகத்தைத் திருப்பியவனிடமே சரக்குத் தள்ளியிருக்கிறேன். ஒரு விரல், என்ன பெரிய விரல்.

செப்டம்பர் 10, புதன்

நாட்டு மருந்துக் கடையில் கசப்புக்குக் கரியபோளம் வாங்கி உரைத்துத் தடவினேன். இடது கட்டைவிரலில். வலது கட்டில் இருப்பதால் இடதுக்கு மாறிவிட்டாள். சப்ளையர் மாறினால் வியாபாரம் நிற்குமா?

பத்தரைக்குப் போன் வந்தது. கார்குழலி. விம்கோ நகரில் தன் வீட்டுக் கீழ்த்தளத்தில் பதினொரு பிள்ளைகளைப் பகலில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவள். மகிமா அவளிடம்தான் இருக்கிறாள்.

"இன்னாண்ணா தடவி அனுப்ன? அந்தக் கையாலயே கண்ணக் கசக்கிக்கிச்சு கொயந்த. மூஞ்சி கழுவி இப்பதான் அடங்குச்சு."

"கசப்பு மருந்துதாம்மா. இன்னும் ஒரு டப்பா தாரேன், சூப்புத பிள்ளைகளுக்கெல்லாம் தடவிரு."

"வாயில கசந்துச்சின்னா, வேற எங்கண்ணா இனிக்கும் அதுக்கு?"

சனிக்கிழமை ஒரு மணி நேரம் வந்து நில்லு, கடை ஒண்ணும் ஓடிப்போயிடாது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 11, வியாழன்

"கசந்துச்சா மகி?" என்று கேட்டேன். "கசந்துச்சுப்பா. அப்பால போயிடுச்சு" என்றாள். விரல் வாயில். டப்பாவைக் குப்பையில் போட்டேன்.

செப்டம்பர் 13, சனி

கடையை வேலையாள் இக்னேஷியஸிடம் விட்டுவிட்டுக் கார்குழலி வீட்டுக்குப் போனேன். பிள்ளைகள் கண்ணில் படாதபடி சமையற்கட்டு ஜன்னல் ஓரம் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்தாள். ஒரு மணி நேரம் என்றாள். நான் எழுந்தது இரண்டரை மணி நேரம் கழித்து.

பதினொரு பிள்ளைகளில் ஐந்து பேர் விரல் சூப்புகிறவர்கள். ஒருமுறைகூட "கையை எடு" என்று யாரும் சொல்லவில்லை. எண்ணிக்கொண்டேதான் இருந்தேன். ஒருமுறைகூட இல்லை.

அறிவு என்று ஒரு பையன். வெளியே ரோட்டில் கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தால் அவன் கை வாய்க்குப் போகும். நம் ரோட்டில் லாரி ஹாரனுக்குப் பஞ்சமா? ஹாரன் கேட்டதுமே கார்குழலி "யாருடா அது?" என்கிறாள். அவன் தொண்டை கிழிய "போடா லாரீ!" என்று கத்துகிறான். எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து கத்துகின்றன. கத்துகிற வாயில் விரல் எப்படி இருக்கும்? ஷாலு என்கிற சின்னது சாப்பிட்டதும் தூக்கத்துக்கு முன்னால் சூப்பும். சோற்றுத் தட்டை எடுத்த கையோடு பழைய துப்பட்டா ஒன்றின் முனை அவள் விரல்களுக்குள் வந்துவிடுகிறது. தடவிக்கொண்டே தூங்கிப் போனாள். இன்னொருத்தியின் கை மெல்ல மேலே கிளம்பியது. பாதி வழி போவதற்குள், "கண்ணு, இந்தக் குண்டானைப் புடி, ரெண்டு கையாலயும், சிந்தாம!" என்று ஆயா பச்சையம்மாவின் குரல் வந்தது. கை இறங்கிவிட்டது. பிடுங்கவில்லை, தடுக்கவில்லை. அந்தக் கைக்குப் போக வேறு ஒரு இடம் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

இருபது வருடம் வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துப் பிழைத்தவன் நான். படகுக்காரன் கடைக்குள் கால் வைக்கிறபோதே எத்தனை பெட்டி என்று சொல்லிவிடுவேன். அந்தப் பெருமையெல்லாம் இந்த ஜன்னல் ஓரத்தில் ஒன்றுமில்லாமல் போயிற்று. இவள் பதினொரு முகத்தை ஒரே சமயத்தில் பார்க்கிறாள். கை கிளம்பும் முன்பே அவளுக்குத் தெரிகிறது!

எப்படி என்று கேட்டேன். ஒரு கோடு போட்ட நோட்டைக் காட்டினாள். பிள்ளைக்கு ஒரு பக்கம். எந்நேரம் விரல் போயிற்று, அதற்கு முன்னால் என்ன நடந்தது, இவ்வளவுதான்.

"ஏன் சூப்புதுன்னு மண்டைய ஒடச்சிக்காதண்ணா. எப்போ சூப்புதுன்னு பாரு. ஏன்றது தானா வரும்."

மகிமாவின் பக்கத்தைத் திருப்பினேன். காலை எட்டு முதல் பத்து வரை. பிறகு மாலை ஐந்திலிருந்து நான் வரும் வரை. நடுவில் ஒன்றுமே இல்லை.

"அவ அம்மாவ நினைச்சு ஏங்குதா" என்றேன்.

"அவங்கம்மா டெய்லி மூணு மணிக்கு வீடியோல வருது. பேசி முடிச்சிட்டு ஆட்டம்தான் போடுது பொண்ணு. விரலே போறதில்ல." கொஞ்சம் நிறுத்தி, "காலைல வுட்டுட்டுப் போசொல்லோ நீ இன்னா சொல்லிட்டுப் போற?" என்றாள்.

என்ன சொல்கிறேன்? யோசித்துப் பார்த்தேன், ஞாபகமே இல்லை. திங்கட்கிழமை உன் வாயை நீயே கேட்டுப் பார் என்றாள்.

செப்டம்பர் 15, திங்கள்

கேட்டேன்.

"இந்தா, அஞ்சு நிமிசத்துல வந்துருதேன் மக்கா."

இதைத்தான் சொல்கிறேன். தினமும். லாரிக்காரனிடம் சொல்வது. பெட்டிக்கு அவசரப்படும் படகுக்காரனிடம் சொல்வது. லோடு மணலியைத் தாண்டியிருக்காது, "இந்தா அஞ்சு நிமிசம்" என்பேன். சொல்கிறவனுக்கும் தெரியும், கேட்கிறவனுக்கும் தெரியும். அது பொய் என்றுகூட யாரும் நினைப்பதில்லை.

இன்று போவதுபோல் போய்த் தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு கை கம்பியில், ஒரு கை வாயில். உள்ளே பிள்ளைகள் பாடிக்கொண்டிருக்கின்றன. அவள் தெருவையே பார்க்கிறாள். முக்கால் மணி நேரம் நின்றேன். அவளும் நின்றாள்.

பச்சையம்மா குப்பை கொட்ட வெளியே வந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள். "பாத்துட்டியா நைனா? டெய்லி இதான். அஞ்சு நிமிசம்னியாமே. உள்ள வாடி கண்ணுன்னா, 'எங்கப்பா வந்துகினே கீது'ன்னு சொல்லுது. மய பேஞ்ச அன்னிக்கும் நகரலை."

வண்டியை எடுக்கக் கை வரவில்லை.

சுஜா போன மே மாதத்திலிருந்து நான்தான் இவளை இங்கே கொண்டுவந்து விடுகிறேன், நூறு நாளாவது இருக்கும். நூறு காலையும் நான் அஞ்சு நிமிடம் என்றேன். நூறு காலையும் இவள் நம்பியிருக்கிறாள். என் கடையில் இதே வார்த்தையை இரண்டாம் தடவை எவனும் நம்பியதில்லை. நேற்று வராதவன், முந்தாநாள் வராதவன், இன்று வருவான் என்று நூறு தடவை நம்ப ஒரு மனசால் முடியுமா? முடிந்திருக்கிறதே! கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதே!

சுஜா போகிறபோது மகிமாவிடம், கிறிஸ்மஸ் குடில் கட்டும்போது லீவில் வருவேன் என்று சொன்னாள். நாளை மூன்று மணிக்குப் பேசுவேன் என்றாள், பேசுகிறாள். ஏக்கம் அம்மாவுக்காக இல்லை. என்னத்தச் சொல்ல... காரணம் நான்தான்.

செப்டம்பர் 16, செவ்வாய்

கார்குழலி சொன்னபடி செய்தேன். மணி சொல்லக் கூடாது, அவள் கண்ணால் பார்க்கக்கூடியதைச் சொல்ல வேண்டும். முட்டி போட்டு உட்கார்ந்து சொன்னேன்: "அப்பா இப்ப வரமாட்டேன் மக்கா. நீ சாயங்காலம் சுண்டல் தின்னுட்டு, தட்டக் கழுவி வைப்பல்லா? அப்ப வருவேன்."

அழுதாள். இதுவரை ஒருநாளும் அழுததில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

"அழட்டும்ணா. இன்னிக்குதான் மெய்யாலுமே போறேன்னு சொல்லிக்கிற" என்றாள் கார்குழலி.

ஐந்தேகாலுக்குப் போய் நின்றேன். மகிமாவின் கையில் ஈரத் தட்டு. என்னை ஏற இறங்கப் பார்த்தாள். விரலைச் சூப்பவில்லை, சிரிக்கவும் இல்லை. சரக்கைச் சோதித்துப் பார்க்கிற வியாபாரி பார்வை.

செப்டம்பர் 22, திங்கள்

காலையில் அவளுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். நான் வெளியே போனதும் கேட்டை இழுத்துச் சாத்தித் தாழ் போட வேண்டும். கனத்த கேட், இரண்டு கையும் வேண்டும். "போப்பா, நானு சாத்திக்கிறேன்" என்கிறாள். நான் அவளை விட்டுவிட்டுப் போவதில்லை இப்போது. அவள் என்னை அனுப்பி வைக்கிறாள்.

இரண்டு பக்கமும் பிடி வைத்த சின்ன பிளாஸ்டிக் கூடை ஐந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். எதற்கு என்று கார்குழலிக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

கட்டுப் பிரித்தாயிற்று. ரோஜா நிறத்தில் புதுத் தோல்.

அக்டோபர் 9, வியாழன்

இன்று மாட்டிக்கொண்டேன். நாலரை மணிக்குப் பெரிய படகு ஒன்று வஞ்சிரத்தோடு வந்து நின்றது. "வேதமாணிக்கம், பெட்டி எடுத்து வையி" என்று ஆள் வந்தான். இக்னேஷியஸ் பார்ப்பான் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். என் சர்வீஸில் முதல் தடவை. ஆனால் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக அசையாமல் நிற்கின்றன. பைக் நுழையக்கூட இடமில்லை. ஒரு டீக்கடையில் வண்டியை விட்டுவிட்டு நடந்தேன். நடந்தேன் என்ன, ஓடினேன். நாற்பத்து நாலு வயதில், தொப்பையோடு. போகிற வழியெல்லாம் அந்தக் கம்பியும் அந்தக் கையும்தான் கண்ணில்.

முப்பத்தைந்து நிமிடம் தாமதம். உள்ளே நுழைந்தால், மகிமா குழாயடியில் குந்தி உட்கார்ந்து மும்முரமாகத் தட்டு தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.

பச்சையம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "வா நைனா வா! இத்தோட நாலு தபா கழுவிட்டா. இன்னும் அழுக்கு கீது, அழுக்கு கீதுன்னு சொல்லியே ஓட்டிகினு கீறேன். தட்டு தேஞ்சி பூடும் போல" என்றாள்.

என் வாக்குக்காக ஒரு மனுஷி நாலு தடவை தட்டில் அழுக்கைக் கண்டுபிடித்திருக்கிறாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மகிமாவிடம், "அப்பா லேட்டு. அப்பா மேலதான் தப்பு" என்றேன்.

ஈரக் கையால் என் நெற்றி வேர்வையைத் துடைத்துவிட்டு, "ஓடியாந்தியா?" என்றாள்.

நவம்பர் 3, திங்கள்

தூக்கத்தில் இன்னும் விரல் போகிறது. பகலில் இல்லை. "தூக்கத்துல போறத வுட்டுடுண்ணா, அதுவும் தானா கழன்டுக்கும்" என்கிறாள் கார்குழலி. டாக்டரம்மா நகத்தைப் பார்த்துவிட்டு, நன்றாக வளர்கிறது என்றார். சுஜா வேலையை எழுதிக் கொடுக்கப் போவதில்லை. விரலுக்குக் காரணம் என் அஞ்சு நிமிசம்தான் என்று அவளிடம் மறைக்காமல் சொன்னேன். "என்கிட்டயும் கல்யாணமான நாள்லேருந்து அதத்தான் சொல்லுதிய" என்றாள்.

நவம்பர் 13, வியாழன்

தூத்துக்குடியில் பெட்டி கம்பெனியோடு பேசவேண்டியிருக்கிறது. இன்று கிளம்பி நாளை மறுநாள் திரும்ப வேண்டும். மூன்று மாதத்துக்கு முன்னால் என்றால் நைசாக நழுவியிருப்பேன். இன்று காலை கேட் அருகே முட்டி போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ரயில், இரண்டு நாள், கார்குழலி அத்தை வீட்டில் தூக்கம்.

கை வாய்ப் பக்கம் பாதி தூரம் வந்தது. நானும் பார்த்தேன், கார்குழலியும் பார்த்தாள். இருவரும் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கை அங்கேயே நின்றது. பிறகு நீண்டு வந்து, என் இடுப்பில் தொங்கிய சாவிக் கொத்தைத் தொட்டது.

"இத்தக் குடுத்துட்டுப் போ" என்றாள். கடைச் சாவி இல்லாமல் நான் எங்கும் தங்கமாட்டேன் என்று இவளுக்கு யார் சொன்னது? இருபது வருடத்தில் இப்படி ஒருத்தி என்னிடம் பேரம் பேசியதில்லை. இக்னேஷியஸிடம் இன்னொரு சாவி இருக்கிறது. கழற்றிக் கொடுத்தேன். கனம் தாங்காமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள்.

பேசி முடித்தது: இரண்டு சுண்டல் நான் இல்லாமல். மூன்றாவது சுண்டல், சனிக்கிழமை, தட்டு கழுவும்போது நான் கேட்டில் நிற்க வேண்டும். அதுவரை சாவி அவளிடம். தாமதமானால் பதினொரு தட்டையும் நான்தான் கழுவ வேண்டும், நாலு தடவை.