வாயாடி சொல்லாத வயிற்றுவலி

மார்ச் 3

இன்றும் என் மகளுக்கு வயிற்றுவலி. எட்டு வயசு வாயாடி, வலி என்றால் மட்டும் கப்சிப். "எல்லாம் நடிப்பு" என்கிறார் இவள் அப்பா. சுருண்டு படுத்திருக்கிறதைப் பார்த்தால் நடிப்பா அது? பெத்த மனசு கேட்கவில்லை.

மார்ச் 5

டாக்டரம்மாவிடம் போனோம். இந்த நாட்டு மொழி எனக்கு வராது. அதனால் நோயாளியே மொழிபெயர்ப்பாளர்! டாக்டரம்மா நீளமாக ஏதோ கேட்டார். "நல்லா தூங்குறேனான்னு கேக்குறாங்க" என்றாள் வாயாடி. நான் மூச்சுவிடாமல் கதை முழுக்கச் சொன்னேன். அவள் அங்கே சொன்னது ரெண்டே வார்த்தை. டாக்டரம்மா என்னைப் பார்க்க, நான் அவரைப் பார்க்க, ரெண்டு பேருக்கும் சந்தேகம். போனைக் காட்டி "தமிழ், தமிழ்" என்றார். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்.

மார்ச் 6

ஸ்கூலுக்குக் கொடுத்துவிட்ட தண்ணீர் பாட்டில் நிரப்பின மாதிரியே திரும்பி வந்திருக்கு. குடிக்கிறதுக்கு என்ன கேடு இவளுக்கு?

மார்ச் 12

இந்தத் தடவை டாக்டரம்மாவின் போனில் மொழிபெயர்க்க ஒரு தமிழ் அக்கா! நான் கொட்டினதையெல்லாம் ஒன்றுவிடாமல் டாக்டரம்மாவிடம் சேர்த்தார். வேலை போன வாயாடி மூலையில் கிடந்த பொம்மையோடு உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டரம்மாவின் கேள்வியை அக்கா கேட்டார்: "ஸ்கூல்ல பாத்ரூம் போறியாம்மா?"

அன்றைக்கும் டாக்டரம்மா இதைத்தான் கேட்டாராம். இவள்தான் அதைத் தூக்கமாக மாற்றிவிட்டாள்! என் காதோடு சொன்னாள்: "அங்க வெறும் பேப்பர்தாம்மா இருக்கு. கழுவாம வந்தா வீட்டுக்குள்ள விடமாட்டேன்னு நீதானே சொன்ன?"

ஐயோ, என் தங்கமே. நாளெல்லாம் அடக்கிக்கிட்டு, அதுக்குப் பயந்து தண்ணியும் குடிக்காம... இதைத் தன் வாயாலேயே டாக்டர்கிட்ட எப்படிச் சொல்லும் பிள்ளை? நான் எடுத்துச் சொன்னதும் போனில் அக்கா சிரித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். நானும் சிரித்தேன், அழுதுகொண்டே.

வயிறு இளக மருந்து. நிறையத் தண்ணீர். கழுவிக்கொள்ளப் பையில் தனியாக ஒரு குட்டி பாட்டில்.

மார்ச் 17

"ஸ்கூல்ல போயிட்டேன்!" என்று கத்திக்கொண்டே வந்தாள். மாடிவீடு வரைக்கும் கேட்டிருக்கும். மானம் போச்சு, வலியும் போச்சு. நடிப்பு என்றவர் அவளுக்கு ரெண்டாம் தடவை சாப்பாடு போட்டார்.

ஏப்ரல் 9

எங்களைப் போலவே வேறு நாட்டிலிருந்து வந்த இன்னொரு பிள்ளையும் அவள் வகுப்பில் அடக்கிக்கொண்டே இருக்கிறதாம். பாத்ரூமில் தண்ணீர் வைக்கச் சொல்ல டீச்சரிடம் போனேன். "நான் வந்து சொல்லட்டுமாம்மா?" என்றாள் வாயாடி.

"வேண்டாம், நீ போய் விளையாடு."

பாதி இந்த நாட்டு மொழி, பாதி கைஜாடை. வேர்த்துக் கொட்டியது. டீச்சருக்குப் புரிந்துவிட்டது, சரி என்றார்! அவளிடம் சொல்லலாம் என்று வெளியே ஓடிவந்தேன். பிள்ளைகளோடு குதித்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன், காதிலேயே வாங்கவில்லை.