நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள்

பழைய ஃபைலைத் திறந்ததும் புற்றுமண் வாசம். பரீட்சைக்கு முன்னால் கோமதியம்மன் கோவிலிலிருந்து நீ பிரசாதமாக வாங்கிவந்து, என் நெற்றியிலும் பூசிவிட்ட மண். பொட்டலம் கிழிந்து, கிரேக்கக் கலை வரலாற்றுக் குறிப்பெல்லாம் மண்ணாகக் கிடக்கிறது. அந்த ஜெராக்ஸ் படம் மட்டும் தப்பித்திருக்கிறது.

ஏதென்ஸ் கல்லறைக் கல் ஒன்றின் படம். ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். எதிரே நிற்பவள் அவள் கையைப் பிடித்திருக்கிறாள். இதில் இறந்தவர் யார் என்று பேராசிரியை கேட்டார். "உக்காந்திருக்கவதான் மேடம். எங்க ஊர்ல செத்தவங்களத்தான நாற்காலில உக்கார வைப்பாங்க?" என்று அடித்துச் சொன்னேன். பல்கலைக்கழக வகுப்பே முழித்தது. சங்கரன்கோவில்காரி நீ மட்டும் விழுந்து விழுந்து சிரித்தாய். "ஏட்டி, இது நம்ம ஊரு இல்லட்டி! தலைமாட்டுல ஊதுபத்தி இருக்கான்னு பாரு!"

பேராசிரியை சிரிக்கவில்லை. பல கற்களில் இறந்தவர் யார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். இரண்டு முகமும் ஒன்றுபோல அமைதியாகத்தான் இருக்கும்.

அன்று பஸ் ஸ்டாப்பில் சொன்னாய்: "நம்மூர்ல எழவு வீட்டுல இருந்து சொல்லாமக் கெளம்பணும். இவங்க கல்லுலயும் கை குடுத்து நிக்காங்க. எனக்கு இதுதாம்ட்டி பிடிச்சிருக்கு." நான் அந்தக் கையைப் பற்றியே ஆய்வேடு எழுதினேன். நாற்பது பக்கம். பிழை திருத்தியது நீதான்.

வருஷங்கள் கழித்து, ஆஸ்பத்திரியில் உன் கட்டில் அருகே நின்றேன். பேச முடியாமல் கிடந்த நீ கையை நீட்டினாய். பதறிப்போய்த் தண்ணீர் டம்ளரை எடுத்து அதில் வைத்தேன். என்னையே பார்த்தாய். பிறகு ஒரு வாய் குடித்தாய். உனக்குத் தாகமே இல்லை, எனக்காகத்தான் குடித்தாய் என்பது திரும்பும் பஸ் கரிவலம்வந்தநல்லூரைத் தாண்டும்போதுதான் உறைத்தது. சே, என்ன படிப்பு படித்தேன்! அடுத்த வாரம் வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் நீ கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாய். வழக்கப்படி யாரிடமும் சொல்லாமல் கிளம்பினேன். உன்னிடமும் சொல்லவில்லை. உனக்காக அழுததைவிட அந்த டம்ளரை நினைத்து அழுததுதான் அதிகம்.

இப்போது கல்லூரியில் அதே பாடத்தை நான் நடத்துகிறேன். படத்தைக் காட்டி, இறந்தவர் யார் என்று நான் கேட்பதில்லை. முதலில் கையைப் பாருங்கள் என்கிறேன். பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள்.

ஜெராக்ஸ் மேலிருந்த மண்ணைத் துடைத்துவிட்டேன். உட்கார்ந்திருப்பவளின் கைமேல் என் கை இருக்கிறது. இன்றைக்கு டம்ளர் இல்லை. சொல்லக் கூடாதுதான், இருந்தாலும் சொல்லுதேன்.

வாரேன்ட்டி.